தொப்பூருக்கு இந்தப் பக்கம்

எங்கள் தர்மபுரியில் எலும்பு வலித்தால்
தண்ணீரைத்தான் திட்டுவோம்.
பல்லில் பழுப்புக் கோடா, முட்டியில் பிடிப்பா,
போர்வெல் ஃபுளோரைடு என்று எழுதிவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்.
சின்னபாப்பாவையும் ஆறு வருடம் அப்படித்தான் எழுதினோம்.

பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்குகிறவர்.
இரண்டு முறை சிறுநீரகக் கல்.
பெட்டி தூக்கும்போதுகூட இல்லை,
கதவுத் தாழ்ப்பாளைத் திருகும்போது மணிக்கட்டு முறிந்தது.
அன்று எலும்பு வார்டிலிருந்து வந்த குழாயில்
கால்சியம் பன்னிரண்டு புள்ளி எட்டு.
இயந்திரத்தைச் சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்பது.

செவ்வாய்க்கிழமை இரண்டரை மணி.
ஆய்வகத்து ஆளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டது
என் பதினொரு வருட வேலையில் இதுதான் முதல் தடவை.
கடைசி நாற்காலி, மின்விசிறிக்கு நேர் கீழே.
ரிப்போர்ட் பறக்காமலிருக்க மேலே என் சாப்பாட்டு டப்பா.

டாக்டர் வெங்கடேசலு பலகையில் ஒரு கழுத்து வரைந்தார்,
தைராய்டுக்குப் பின்னால் நாலு புள்ளி.
"ஒவ்வொண்ணும் துவரம்பருப்பு. ஒண்ணு மட்டும் மொச்சை."
எந்த ஒன்று?
இடது கீழ், என்றார் ஸ்கேன் பார்த்த பெனடிக்டா.
சேலத்தில் எடுத்த படமும் இடது கீழ் என்கிறது,
கூடவே "அநேகமாக" என்கிறது.
அந்த ஒரு சொல்லுக்கு இருபது நிமிடம் ஆனது.

சேலத்துக்கே அனுப்பிவிடலாமே என்றார் பொது மருத்துவர்.
தப்பில்லை. அங்கே இயந்திரம் இருக்கிறது.
கட்டியை எடுத்துப் பத்தாவது நிமிடம்
ஹார்மோன் பாதியாக இறங்கியதா என்று பார்க்க ரத்தம் எடுத்தால்
நோயாளி மேசையில் இருக்கும்போதே விடை தெரியும்.
எங்களுக்கும் அந்த விடைக்கும் நடுவே
தொப்பூர் கணவாய்.
ஒரு லாரி குறுக்கே சாய்ந்தால்
பத்து நிமிடம் அரை நாள்.

கேட்டுப் பார்த்துட்டேன், என்றார் சிஸ்டர் மாதேஸ்வரி.
"சேலத்துல எனக்கு யாரு சோறு கொண்டாருவா?
இங்கன்னா மண்டி ஆளுங்க வருவாங்க" என்றாராம்.
படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
வெங்கடேசலு ஓரத்தில் எழுதிக்கொண்டார்: சோறு.

பிறகு அவரவர் பயத்தை மேசையில் வைத்தோம்.
கால்சியம் இறங்காமல் மயக்க மருந்து தரமாட்டேன்,
இரண்டு நாள் சலைன், திரும்ப ஈசிஜி, என்றார் ஷாஹிதா.
முன்னாலும் பின்னாலும் குரல்நாண் பார்க்கணும்,
மண்டியில் பெட்டி எண்ணிக் கத்துகிற குரல் அது,
என்றார் தொண்டை மருத்துவர்.
ஒன்றை எடுத்துவிட்டு மூடமாட்டேன்,
நாலையும் கண்ணால் பார்ப்பேன், நேரமானால் ஆகட்டும்,
என்றார் கத்தி பிடிப்பவர்.
ரத்தம் சேலம் போய் விடை சாயங்காலம் வரட்டும்.

என் முறை.
பனிக்கட்டியில் வைத்துத்தான் அனுப்பணும் என்றேன்.
எங்கள் ஐஸ் இயந்திரம் தீபாவளியிலிருந்து ஓடவில்லை
என்பதையும் சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.
பேருந்து நிலையம் பக்கம் மீன்கடை அன்வரிடம்
காலை ஆறு மணிக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி ஐஸ்:
கூட்டக் குறிப்பில் ஐந்தாவது தீர்மானம்.

எழுந்துவிட்டோம். மாதேஸ்வரி எழவில்லை.
"ராத்திரி ரெண்டு மணிக்கு
உதட்டைச் சுத்தி எறும்பு ஊறுதுன்னு சொன்னாங்கன்னா?"

பசித்த எலும்பு.
வருடக்கணக்கில் பறிகொடுத்ததை
ஒரே இரவில் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும்.
மறுபடி உட்கார்ந்தோம்.
ஆறு மணிக்கொரு தடவை கால்சியம்.
ராத்திரி ஓட்டுவது யார்? நான்.
குளுக்கோனேட் ஆம்பூல் தலைமாட்டில் இருக்கணும்,
பூட்டின அலமாரியில் அல்ல; சாவிக்காரர் ஷிப்ட் முடிந்து போய்விடுவார்.
பலகையில், அந்தக் கழுத்துக்குக் கீழே
தொலைபேசி எண்கள் ஏறின.
எட்டாவது அன்வருடையது.

திரும்பும் வழியில் வார்டில் எட்டிப் பார்த்தேன்.
மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்திருந்தார்.
"அப்ப நம்ம தண்ணி நல்லதுதானா சார்?"

தண்ணியும் கெட்டதுதாம்மா, என்றேன்.
இது அதில்ல.